பச்சை விளக்கு

எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடிக்கலாம், துவைக்கலாம்,
கொஞ்ச நாள் தேங்க விட்டால்
அதில் சுவரும் எழுப்பலாம்.

வூர்ஸ்பர்க்கிலிருந்து பேருந்தில் இருபது நிமிடம்.
திராட்சைக் கொடிகள் ஏறி நிற்கும் மேட்டுக்கு அடியில்
சிப்பிகள் இறுகிய பாறை.
எப்போதோ இங்கே கடல் கிடந்ததாம்.
மழை அதைக் கரைத்துக் கரைத்து
என் கெட்டிலுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது.

பதினோரு வருடத்துக்கு முன்
ஏவால்ட் ஒரு கண்காட்சியில் அந்தப் பெட்டியை வாங்கினார்.
இருநூற்று எழுபத்தொன்பது யூரோ.
சோப்பு டப்பா அளவு, இரண்டு கம்பிச் சுருள்.
குழாயின் கழுத்தில் சுற்றிவிட்டால் போதும்,
உப்பு கொட்ட வேண்டாம், எதையும் அறுக்க வேண்டாம்,
சுண்ணாம்பு ஒட்டிக்கொள்வதை மறந்துவிடும்
என்றானாம் விற்றவன்.
மறந்துவிடுமாம்!
நான் சிரித்ததை அவர் பார்க்கவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது.
அது எரிகிறது என்பதற்கு வேண்டுமானால்
நான் சாட்சி சொல்வேன்.

மூன்றாம் வாரம் என் தங்கை கணவர் லோத்தர் வந்தார்.
வேதியியல் வாத்தியார்; போதாததற்கு ஓய்வு பெற்றவர்.
கோட்டைக் கழற்றும் முன்பே கெட்டில் மூடியைத் திறந்தார்.
உள்ளே வழக்கம்போல் வெள்ளைச் செதில்.
ஒன்றும் சொல்லவில்லை. மூடினார்.
அந்தச் சத்தம் இருக்கிறதே.
ஏவால்ட் அன்று காபியில் சர்க்கரையை
ரொம்ப நேரம் கலக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழன் அவர் பாடற்குழுவுக்குப் போனதும்
கெட்டிலில் வினிகர் ஊற்றினேன்.
ஒரே ஒரு தடவை என்றுதான் நினைத்தேன்.
செதில்கள் நுரைத்து, முணுமுணுத்து, காணாமல் போயின.
சன்னலைத் திறந்து வைத்தேன்.

திரும்பி வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.
"மெதுவாகத்தான் வேலை செய்யும்,
கையேட்டிலேயே போட்டிருக்கிறதே" என்றார்.

வாரம் ஒரு பாட்டில், அறுபத்தைந்து சென்ட்.
பெட்டியின் விலையை எப்போதோ தாண்டிவிட்டேன்.
லோத்தர்கூட ஒருநாள் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்
ஒன்று வாங்கி மாட்டினார்.
அங்கே அது வேலை செய்யவில்லை.
"உங்கள் குழாய் சரியில்லை" என்று
வேதியியல் வாத்தியாருக்குப் பாடம் எடுத்தார் ஏவால்ட்.

போன பிப்ரவரியில் என் இடுப்பு மூட்டை மாற்றினார்கள்.
மருத்துவமனை, பிறகு பயிற்சி இல்லம்.
ஆறு வியாழன்.
கூரையைப் பார்த்துப் படுத்தபடி
வலியை அல்ல, கெட்டிலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு வந்ததும் ஊன்றுகோலோடு நேரே சமையலறைக்கு.
மூடியைத் திறந்தேன்.
அடியில் என் முகம், கோணலாக, பளபளவென்று.

ஒரு நிமிடம், சத்தியமாக ஒரு நிமிடம்,
பெட்டியை நம்பினேன்.

பிறகு மூக்கைக் கொண்டுபோனேன்.
எலுமிச்சை.

"நான் கையே வைக்கவில்லை" என்றார்,
யாரும் கேட்காமலே.
விரல் நுனிகள் வெடித்திருந்தன.
எத்தனை நாளாய்த் தெரியும் என்று கேட்டிருக்கலாம்.
கேட்டால் அதே கேள்வி என் பக்கம் திரும்பும்.
சூப்பில் உப்பு போதுமா என்று கேட்டேன்.

மே மாதம் கழிப்பறைத் தொட்டி ஒழுக, நெஜாதி வந்தார்.
நாங்கள் இரண்டு பேரும் தொடாமல் விட்ட ஒரே இடம்.
மேல்மூடியைத் தூக்கினால்
மிதவை கல்லுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது,
சுவரெல்லாம் அடுக்கடுக்காய் வெள்ளைத் தட்டுகள்.
திருப்புளியால் தட்டிப் பார்த்தார். டொக்.
தண்ணீரை அடைக்க நிலவறைக்கு இறங்கினோம்.
குழாயின் கழுத்தில் பெட்டி.
நெஜாதி வாயைத் திறந்தார்.
நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம்.

"விளக்கு நன்றாக எரிகிறது" என்றார்.

பில்லில் 'சுண்ணாம்பு நீக்கம், நாற்பது யூரோ'.
அந்த வரி உள்ளே போகும்படி
ஏவால்ட் அதை மடித்து வைத்தார்.

இன்று வியாழன்.
அவர் கூடத்தில் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார்.
வினிகர் தீர்ந்துவிட்டது.
அந்த எலுமிச்சையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாரோ,
கதவு சாத்தும் சத்தம் கேட்டதும்
தேட வேண்டும்.